சொக்சோ மனு நிராகரிக்கப்பட்டால் மனைவி என்ன செய்யலாம்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கணவருக்கு வயது 52. பன்னிரண்டு ஆண்டுகள் லோரி ஓட்டியவர். எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் தளர்ந்துவிட்டன. வேலை போய்விட்டது. சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்திற்கு மனு செய்தார்கள். இன்று கடிதம் வந்திருக்கிறது. மலாய் மொழியில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தில் ‘தீடாக் ஈலாட்’ என்ற இரண்டு சொற்கள் மனைவியின் கண்ணில் படுகின்றன. கணவரை வேலை செய்ய இயலாதவராக மருத்துவ வாரியம் ஏற்கவில்லை என்பது அதன் பொருள்.

“என்னவாம்?” என்று கேட்கிறார் கணவர். “ஒன்றும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, கடிதத்தைச் சாமிப் படத்திற்குப் பின்னால் செருகி வைக்கிறார் மனைவி.

உதாரணத்திற்காகத்தான் இந்தக் குடும்பத்தைச் சொன்னேன். ஆனால் கடிதத்தைச் செருகி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் நிறையவே உண்டு. அந்தக் கடிதத்தை வெளியே எடுங்கள். அது கைக்குக் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். உறையையும் பத்திரப்படுத்துங்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

இது தர்மப் பணம் அல்ல

சொக்சோ என்று நாம் அழைத்துப் பழகிய பெர்கேசோ, 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. முதல் பிரிவில் உள்ள தொழிலாளியின் சம்பளத்தில் ஏறக்குறைய 0.5 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, முதலாளி 1.75 விழுக்காடு செலுத்துகிறார். இயலாமை ஓய்வூதியம் பெற, நோய் வேலையால் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் தூங்கும்போது வந்த பக்கவாதமும் இதில் அடங்கும்.

சந்தா நிபந்தனை முழுமையாக நிறைவேறியிருந்தால் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காடு கிடைக்கும். முதல் 24 மாதங்களுக்கு மேல் கட்டிய ஒவ்வொரு 12 மாதத்திற்கும் ஒரு விழுக்காடு கூடும். உச்சம் 65 விழுக்காடு. நம் லோரி ஓட்டுநரின் சராசரிச் சம்பளம் 2,400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஆண்டுச் சந்தாவுக்கு 60 விழுக்காடு, அதாவது மாதம் 1,440 வெள்ளி. ஓய்வூதியம் பெற்றுவரும்போது அவர் காலமானால், அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே அந்தக் கடிதம் கணவருடைய விஷயம் மட்டுமல்ல. மனைவியின் எதிர்காலமும் பிள்ளைகளின் படிப்பும் அதில் இருக்கின்றன.

வாரியம் கேட்கும் கேள்வி

மனு ஏன் நிராகரிக்கப்பட்டது? பெரும்பாலோர், “அவரால் இனி லோரி ஓட்ட முடியாது, இது போதாதா?” என்று கேட்கிறார்கள். போதாது. சட்டம் கேட்பது வேறு. நோய் நிரந்தரமானதா, குணமாக வாய்ப்பில்லையா என்பது ஒன்று. அவருடைய உடல் வலுவுக்கு ஏற்ற ஏதாவது ஒரு வேலையைச் செய்து, நலமாக உள்ள ஒரு தொழிலாளி வழக்கமாக ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஈட்ட முடியுமா என்பது மற்றொன்று.

லோரி ஓட்ட முடியாதவர் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கலாமே, பாதுகாவலராக இருக்கலாமே என்று வாரியம் நினைக்க இடமுண்டு. முதல் மனுவில் இதற்குப் பதில் இல்லையென்றால் முடிவு பாதகமாகப் போகலாம். மேல்முறையீட்டில் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சமூக நல இலாகாவின் ஓகேயு அட்டை கையில் இருக்கிறதே என்றும் சிலர் சொல்வார்கள். அந்த அட்டைக்கான அளவுகோல் வேறு, சொக்சோவின் அளவுகோல் வேறு. அட்டையின் நகலை இணைக்கலாம். அதையே நம்பியிருக்க வேண்டாம்.

தொண்ணூறு நாள்

மருத்துவ வாரியத்தின் முடிவில் திருப்தி இல்லையென்றால், 90 நாட்களுக்குள் ‘ஜெமாஆ டோக்டர் ராயுவான்’ எனப்படும் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்திற்கு மனு செய்யலாம். கடிதத்தில் தேதி எழுதி வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மருத்துவக் காரணத்தால் அல்லாமல், சந்தா போதவில்லை, தகுதி இல்லை என்று நிராகரித்திருந்தால் அதற்குச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் என்ற தனி அமைப்பு உண்டு. எந்தக் காரணம் என்பதைக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

“இப்போது விட்டுவிட்டு அடுத்த ஆண்டு புதிதாக மனு செய்வோமே” என்று தள்ளிப் போடாதீர்கள். முழு ஓய்வூதியத்திற்கான ஒரு வழி, மனு செய்த மாதத்திற்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருப்பது. வேலை நின்றதும் சந்தாவும் நின்றுவிடும். இடைவிடாமல் சந்தா கட்டியவருக்கே, வேலை நின்று 16 மாதங்கள் தாண்டினால் இந்த வழி அடைபடத் தொடங்கும். மொத்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியத்திற்கு வேறு வழி உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்றால் குறைந்த ஓய்வூதியம். எப்படியானாலும் காலம் நம் பக்கம் இல்லை.

மனைவி எழுத வேண்டியது

மேல்முறையீடு கணவர் பெயரில் போகும். அதைத் தயார் செய்வதில் மனைவியின் பங்கு பெரிது. கணவரால் கையெழுத்திட முடியாவிட்டால் என்ன செய்வது, அதிகாரக் கடிதம் வேண்டுமா என்பதை சொக்சோ முகப்பிலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரின் புதிய அறிக்கைக்கு உடனே விண்ணப்பியுங்கள். அறிக்கை கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். ‘பக்கவாதம்’ என்று நோயின் பெயரை மட்டும் எழுதாமல், கையால் எதைப் பிடிக்க முடியவில்லை, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, பேச்சும் ஞாபகமும் எப்படி இருக்கின்றன, இனி முன்னேற வாய்ப்புண்டா என்பதையும் குறிப்பிடுமாறு பணிவோடு கேளுங்கள். முன்னாள் முதலாளியிடம் அவர் செய்த வேலையை விவரிக்கும் கடிதம் வாங்குங்கள்.

அடுத்து, இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டது யார்? குளியலறைக்குப் பிடித்துக்கொண்டு போனது யார்? எத்தனை முறை விழப் போனார்? எத்தனை மணி நேரத்தில் களைத்துப் படுத்தார்? தொலைபேசியில் வந்த செய்தியை மறந்தாரா? உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கும் வேலைகூட ஏன் முடியாது என்பதற்கு இந்தப் பக்கங்களே பதில். மருத்துவர் கிளினிக்கில் அவரைச் சில நிமிடங்கள்தான் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் பார்ப்பவர் நீங்கள்தான்.

“நல்லா இருக்கேன் டாக்டர்”

கடைசியாக ஒன்று. நம் ஆண்களிடம் ஒரு குணம். வாரியத்தின் முன் போகிற அன்று தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால், “நல்லா இருக்கேன் டாக்டர்” என்பார்கள். “நடக்க முடியுமா?” “முடியும்.” சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து, பிறகு பத்து நிமிடம் மூச்சு வாங்குவதைச் சொல்லமாட்டார்கள். இத்தனை காலம் குடும்பத்தைச் சுமந்த மனிதருக்கு, “என்னால் முடியவில்லை” என்று அந்நியர் முன் சொல்வது வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் இரவே அவரோடு பேசுங்கள். “நீங்க கெஞ்சப் போகலைங்க. உங்க சம்பளத்திலே பிடிச்ச பணத்துக்குக் கணக்குச் சொல்லப் போறோம்” என்று சொல்லுங்கள். இல்லாததைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அது மருத்துவர்களுக்குத் தெரிந்துவிடும், உண்மையான குறையும் எடுபடாமல் போகும். உள்ளதை மறைக்கவும் வேண்டாம். வழக்கமாக ஊன்றுகோல் வைத்திருப்பவர் அன்றும் கொண்டு போகட்டும்.

மேல்முறையீடு வென்றால், எப்போதும் பிறர் துணை தேவைப்படும் நிலையில் அவர் இருப்பதாக வாரியம் உறுதிப்படுத்தினால், மாதம் 500 வெள்ளி பராமரிப்புப் படியும் உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். வெல்லும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் ஆதாரங்களோடு கேட்காமலே விட்டுவிட்டோம் என்ற வருத்தம் பின்னாளில் வர வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.