ஓட்டைக் காலணாவும் வணிகர் வில்லையும்

போர் வந்தால் நாட்டில் முதலில் மறைவது சில்லறைக் காசு. சேர்வராயன் மலை போன்ற இடங்களில்தான் அது சுருக்கென்று தைக்கும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காபியைக் கொண்டுவந்தபின் ஏற்காட்டைச் சுற்றித் தோட்டங்கள் பெருகின. கூலியும் சந்தைச் செலவும் அணாவிலும் காலணாவிலும் நடந்தன. இரண்டாம் உலகப் போரில் செம்பும் நிக்கலும் தோட்டாவுக்கும் தளவாடத்துக்கும் போயின. கையிலிருந்த காசை மக்கள் முடிந்து வைத்துக்கொண்டார்கள். தேவைக்கு மேல் நாணயம் சேர்ப்பதை 1940இல் அரசு குற்றமாக்கியது. வெள்ளி ரூபாயில் வெள்ளி பாதியானது. 1943இல் வந்தது ‘ஓட்டைக் காலணா’. பழைய காலணா ஏறக்குறைய 5 கிராம்; நடுவில் வட்டத் துளையிட்ட இது 2 கிராம்தான். ஆனாலும் கல்லாவில் இரண்டும் ஒரே காலணா. காசின் மதிப்பு அதன் செம்பில் இல்லை, வெளியிட்டவரின் வாக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

காசுக்குப் பதிலாக வணிகர்கள் தாமே அடித்த வில்லைகளும் இந்தச் சூட்சுமத்தில்தான் ஓடின. வேல்ஸில் ஆங்கிள்சீ செம்புச் சுரங்கம் 1787இல் வெளியிட்ட பென்னியின் விளிம்பிலேயே, கேட்டால் எந்தெந்த ஊரில் மாற்றித் தருவோம் என்று பொறித்திருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 முதல், கடைக்காரர்கள் செண்ட் அளவில் செப்பு வில்லைகளை அடித்துத் தள்ளினார்கள். கள்ளநாணய வழக்குக்கு அஞ்சிய சிலர் ‘ஒரு செண்ட்’ என்று பெரிதாகப் பொறித்து, அதன் மேல் ‘அல்ல’ என்பதைப் பொடி எழுத்தில் சேர்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

வணிகர் கைவிரித்தால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானதே. நியூயார்க் மதுக்கடைக்காரர் லிண்டன்முல்லர், தம் வில்லைகளைக் குவியலாகச் சேர்த்துக் கொண்டுவந்த டிராம் கம்பெனிக்கு மாற்றித்தர மறுத்தார் என்பார்கள். 1864இல் அமெரிக்கா தனியார் நாணயத்தைத் தடைசெய்தது. ஆனால், அவரவர் தெருவுக்குள் வாங்கிய வில்லையை அதே கடையில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏமாறவில்லை. தெரிந்த முகம் வாக்கை மீறினால் வியாபாரமே போய்விடும். தோட்டங்கள் கூலியாகக் கொடுத்த வில்லைகள் தொழிலாளியைக் கட்டிப்போட்டன என்பது இன்னும் கனமான ஆட்சேபம். கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லையைப் பொறுத்தவரை அது முழு உண்மை. கூலி வாங்கியவர் விலை பேச வேறு கடைக்குப் போக முடியாது. ஆகவே வில்லையை எடைபோட வேண்டிய கேள்வி ஒன்றே: கேட்டால் ரொக்கம் கிடைத்ததா? பழைய பெட்டியில் பெயர் பொறித்த செப்பு வில்லை அகப்பட்டால், எடைக்குப் போடுமுன் அதன் விளிம்பையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.