காணாமற்போன பட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நம் அத்தையிடமிருந்து டெலிபோன் வந்தால், அது க்ஷேம சமாசாரம் விசாரிப்பதற்காக இராது என்பது நமக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். அன்றும் அப்படியே ஆயிற்று.

"அப்பா, கம்ப்யூட்டரில் கீழே ஒரு பட்டை இருக்குமே, அதைக் காணோம். ராத்திரி இருந்தது, காலையில் பார்த்தால் இல்லை. எட்டரை மணிக்குக் குழந்தை கூப்பிடுவானே, நான் என்ன செய்வேன்?"

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அந்தக் குழந்தைக்கு வயது நாற்பத்து நான்கு. வாரத்தில் ஒரு நாள் திரையில் அவன் முகத்தைப் பார்ப்பதற்காகவே அத்தை அந்த யந்திரத்தை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே விஷயத்தின் அவசரம் நமக்கு விளங்கிற்று. ஆனால் நம்மைத் தூக்கிவாரிப் போட்டது அவள் அடுத்தபடி சொன்ன வார்த்தைதான்: "கடைக்காரனை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம், அத்தை, வேண்டவே வேண்டாம்!" என்று கூவிவிட்டோம். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறோம். முதலில் பட்டையைக் கண்டுபிடிப்போம்.

விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தும்படி அத்தையிடம் சொன்னோம். 'டாஸ்க் மானேஜர்' என்ற தலைப்புடன் ஒரு நீண்ட ஜாபிதா திரையில் தோன்றிற்று. அதிலே 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியைத் தேடிப் பிடித்து, எலிப்பொறியின் — மன்னிக்கவும், எலியின் — வலது பொத்தானை அதன்மீது அழுத்தி, 'ரீஸ்டார்ட்' என்பதைத் தொடச் சொன்னோம். "ஐயையோ, எல்லாம் போய்விட்டது!" என்று ஒரு கூக்குரல் கேட்டது. இரண்டு விநாடி நிசப்தம். பிறகு, "வந்துவிட்டது, வந்துவிட்டது!"

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. டாஸ்க்பார் என்னும் அந்தப் பட்டையும், திரையில் நாம் காணும் சிறு சித்திரங்களும், கோப்புகளைத் திறந்து காட்டும் சாளரமும் எக்ஸ்ப்ளோரர் என்னும் ஒரே வேலைக்காரனின் கைவேலை. அவன் சில சமயம் மலைத்து நின்றுவிடுவதுண்டு. அவனைத் தட்டியெழுப்பினால் பட்டையைத் திரும்பவும் வரைந்துவிடுவான். நம் கடிதங்களுக்கும் படங்களுக்கும் இதனால் யாதொரு பங்கமும் நேராது. அந்த வரியே ஜாபிதாவில் காணப்படாவிட்டால், அதே ஜாபிதாவின் மேற்புறத்தில் 'ரன் நியூ டாஸ்க்' என்று இருப்பதைத் தொட்டு, எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் தட்டெழுதினால் போதும்.

பட்டை மறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. பேரக் குழந்தைகள் எப்-11 என்னும் விசையை அழுத்திவிட்டால் உலாவியானது திரை முழுவதையும் ஆக்கிரமித்துக்கொள்ளும். மறுபடியும் அதே விசையை அழுத்தினால் விலகும். அல்லது பட்டை தானாகவே ஒளிந்துகொள்ளும்படி யாராவது கட்டளையிட்டிருக்கலாம். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை ஒரு தரம் தட்டும்போது பட்டை எட்டிப் பார்த்தால், இதுதான் வியாதி என்று நிச்சயித்துக்கொள்ளலாம்.

இந்தப் பட்டைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1995-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி விண்டோஸ் 95 வெளிவந்தபோதுதான் அது விண்டோஸில் முதன்முதலாகப் பிரசன்னமாயிற்று. அதற்கு முன்னால், ஒரு வேலையைச் சற்றே ஒதுக்கி வைத்தால் அது சிறு சித்திரமாகிக் கீழே போய் விழும். வேறொரு சாளரம் அதன்மேல் படர்ந்து மறைத்துவிடும். ஜனங்கள், "எழுதிக்கொண்டிருந்த கடிதம் தொலைந்துபோயிற்று" என்று எண்ணிப் புதிதாக இன்னொன்றைத் தொடங்குவார்கள்! சாமான்ய மனிதர்களை யந்திரத்தின் முன்னால் உட்காரவைத்து அவர்கள் எங்கெங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்த பிறகே, எந்தக் காலத்திலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பட்டையும், 'ஸ்டார்ட்' என்று எழுதிய ஒரு பொத்தானும் வேண்டும் என்ற தீர்மானத்துக்கு வந்தார்கள்.

அப்படி மெனக்கெட்டுக் கண்டறிந்த பொத்தானை 2012-ல் வந்த விண்டோஸ் 8-லிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உலகெங்கும் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு, அடுத்த வருஷமே விண்டோஸ் 8.1-ல் அது திரும்பி வந்தது. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது இடது மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு நகர்ந்தது. இருபத்தாறு வருஷ காலமாகப் பட்டையைத் திரையின் நான்கு ஓரங்களில் எதிலும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த சௌகரியத்தையும் அப்போது பறித்துக்கொண்டார்கள். குடியிருப்பவரைக் கேளாமல் வீட்டின் வாசற்படியை மாற்றிக் கட்டுகிற சொந்தக்காரரைப் பற்றி நாம் என்ன சொல்வோமோ, அதையே இவர்களைப் பற்றியும் சொல்லலாம் என்பது நமது அபிப்பிராயம்.

எனினும் நம் கையில் மிச்சமிருக்கிற உரிமை கொஞ்சமல்ல. பட்டையில் வெறுமையாய் இருக்கும் இடத்தில் வலது பொத்தானை அழுத்தினால் 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' என்ற வாசகம் தோன்றும். அங்கே 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதியில், நடுவுக்குப் போன பொத்தானைப் பழையபடி இடப்பக்கம் கொண்டுவரலாம். ஒளிந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்துவதும் அதே இடத்தில்தான். தேடும் பெட்டி, சந்தைச் செய்திகளையும் சினிமாச் செய்திகளையும் கேளாமலே கொண்டுவந்து கொட்டும் 'விட்ஜெட்ஸ்' ஆகியவற்றை வேண்டாமென்றால் அகற்றிவிடலாம். அத்தை வீட்டில் நாம் முதலில் செய்த காரியம் அதுதான். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் எங்கோ நடந்த கொலையைப் பற்றி அவள் எதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அகற்றியான பிறகு, வேண்டியதை வைப்பது. ஒரு செயலியைத் திறந்தால் அதன் சித்திரம் பட்டையில் தோன்றும். அதன்மீது வலது பொத்தானை அழுத்தி 'பின் டு டாஸ்க்பார்' என்பதைத் தொட்டால், செயலியை மூடினாலும் சித்திரம் அங்கேயே குடியிருக்கும். சித்திரங்களை இழுத்து முன்பின்னாக வரிசைப்படுத்தலாம். இந்த வரிசையில் ஒரு சூட்சுமம் இருப்பதை அநேகர் அறிவதில்லை. விண்டோஸ் விசையோடு 1 என்ற எண்ணை அழுத்தினால் வரிசையில் முதலாவது திறக்கும். 2 என்றால் இரண்டாவது. 9 வரையில் இப்படியே. அத்தைக்கு எலியைப் பிடித்து நகர்த்துவதென்றால் கை நடுங்கும். ஆகையால் மகனோடு பேசும் செயலியை முதலாவதாகவும், கோப்புகளை இரண்டாவதாகவும், உலாவியை மூன்றாவதாகவும், பாட்டுக் கேட்பதை நான்காவதாகவும் வைத்துக் கொடுத்தோம். பட்டையில் நான்கே நான்கு சித்திரங்கள். "அஞ்சறைப் பெட்டியில்கூட ஓர் அறை அதிகம்" என்றாள்.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி தோன்றும் மற்றச் சில்லறை நோய்களைப் பார்க்கலாம்.

"தினந்தோறும் அணைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறேன், ஆனாலும் யந்திரம் நத்தையாக ஊர்கிறது" என்பவர்கள் உண்டு. 'ஷட் டவுன்' என்று சொல்லி அணைப்பது வாஸ்தவத்தில் முழு அணைப்பு அல்ல. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, மறுநாள் சீக்கிரம் விழித்தெழுவதற்காக, யந்திரம் தன் உள்நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துக்கொண்டு உறங்குகிறது. நேற்றைய தலைவலியும் அதோடு சேர்ந்து விழிக்கிறது. 'ரீஸ்டார்ட்' செய்தாலோ எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்கிற வீட்டில் பாதிப் புகார்கள் எழுவதில்லை என்று நம் அனுபவத்தில் சொல்லலாம். அதன் பிறகும் மந்தமாயிருந்தால், முன் சொன்ன டாஸ்க் மானேஜரில் 'ஸ்டார்ட்டப்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். யந்திரம் கண் விழிக்கும்போதே தாமும் எழுந்து பந்தியில் உட்கார்ந்துவிடும் செயலிகளின் பட்டியல் அங்கே இருக்கும். வேண்டாதவற்றை 'டிஸேபிள்' செய்யலாம்.

கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டியும் யந்திரம் ஏற்க மறுக்கிறதா? பட்டையின் வலது கோடியில் மொழியைக் காட்டும் அடையாளத்தை நோக்குக. தமிழ் விசைப்பலகை அமைத்துக்கொண்ட வீடுகளில், ஆங்கிலம் என்று எண்ணித் தமிழில் தட்டிக்கொண்டிருப்பது சகஜம். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும். ஒலி கேட்கவில்லையென்றால், அதே கோடியிலுள்ள ஒலிபெருக்கிச் சித்திரத்தைத் தொட்டு, ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து அறையில் கிடக்கும் காதணிக் கருவிக்குள் அது பாடிக்கொண்டிருக்கலாம்.

கடிகாரம் தப்பாகக் காட்டுவதுதான் விசித்திரமான கோளாறு. யந்திரத்துக்குள்ளே ஸி.ஆர்.2032 என்னும் மூன்று வோல்ட் பாட்டரி ஒன்று, நாணயத்தைப் போல் வட்டமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில வருஷங்களில் அது தீர்ந்துபோனால், யந்திரம் விழித்தெழும்போது பழைய தேதி ஒன்றைச் சொல்லும். தேதி பிசகினால் இணையப் பக்கங்களும் திறவா. ஏனெனில் ஒவ்வொரு பக்கமும் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்ற அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டுகிறது, யந்திரமோ, "அந்தத் தேதி இன்னும் வரவில்லையே!" என்று கதவடைக்கிறது. இணைய இணைப்பே கெட்டுவிட்டதென்று அநேகர் அலைகிறார்கள்.

திரை முழுவதும் சிவந்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு டெலிபோன் செய்க" என்று அலறினால் மட்டும் ஒன்றும் யோசிக்க வேண்டாம். அது மோசடி. மைக்ரோஸாப்ட் காட்டும் பிழைச் செய்திகளில் டெலிபோன் எண் இருப்பதில்லை. டாஸ்க் மானேஜரைக் கொண்டு உலாவியையே மூடிவிடுக.

இப்போது, கடைக்காரர் விஷயம். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு நாள் அத்தையின் யந்திரம் விழிக்க மறுத்தது. நாம் ஊரில் இல்லை. அத்தை அதை ஒரு பழுது பார்க்கும் கடைக்கு அனுப்பினாள். "பார்மட் பண்ணினால் சரியாகிவிடும், அம்மா" என்றாராம் அங்கிருந்தவர். வைத்தியத்தின் பெயராக்கும் என்று எண்ணி அத்தை தலையசைத்தாள். மறுநாள் யந்திரம் பிரமாதமாய் ஓடிற்று. ஆனால் மாமாவின் சதாபிஷேகப் படங்கள் இல்லை. காலமாவதற்கு முன் அவர் பேத்திக்குக் கதை சொல்லும்போது பதிவு செய்த ஒலி இல்லை. பார்மட் என்றால் வட்டைத் துடைத்து வெறுமையாக்குவது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. படங்களில் ஒன்று, உறவினர் ஒருவரின் போனில் இருந்ததால் பிழைத்தது. அது இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. குரல் போனது போனதுதான்.

அன்று செய்திருக்கக்கூடியவை எத்தனையோ. விண்டோஸ் விழிக்காவிட்டாலும் வட்டிலுள்ள படங்கள் பெரும்பாலும் க்ஷேமமாகவே இருக்கும். லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைச் செருகி, அதன் துணையால் யந்திரத்தை எழுப்பிப் படங்களை வேறிடத்துக்கு நகல் எடுக்கலாம். விண்டோஸிலேயே 'ரீஸெட்' என்ற ஏற்பாட்டில் 'கீப் மை பைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால், செயலிகள் போகுமே தவிர, நம் கோப்புகள் நிற்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு பூட்டியே இருக்கும். அதற்குரிய நீண்ட மீட்பு எண் மைக்ரோஸாப்ட் கணக்கில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, படங்களுக்கு யந்திரத்துக்கு வெளியே ஒரு நகல் இருக்க வேண்டும். கடைக்குக் கொடுக்க நேர்ந்தால் "வட்டைத் துடைக்கக் கூடாது" என்று சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொண்டால் வேறு கடை பார்க்கலாம்.

விண்டோஸ் 10-க்கு இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவில் நின்றுவிட்டன. பழைய யந்திரங்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி இல்லாதவை. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சென்னை ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் முதலிய இலவச இயங்குதளங்கள் இருக்கின்றன. லினக்ஸின் பல வகைகளில் பட்டையை இஷ்டப்பட்ட ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். மாற்றுவதற்கு முன்னால் படங்களை நகல் எடுக்க வேண்டும் என்பதை நாம் இனித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு டெலிபோன் மணி அடித்தது. "பட்டையின் மூலையில் தேதி தப்பாக இருக்கிறது, ஒரு பக்கமும் திறக்கவில்லை" என்றாள் அத்தை. நாம் வாயைத் திறப்பதற்குள், "கையாலே திருத்திவிட்டேன், குழந்தையோடு பேசியும் ஆயிற்று. எதிர்வீட்டுப் பையனைப் பாட்டரி வாங்க அனுப்பியிருக்கிறேன். ஸி.ஆர்.2032தானே?" என்று கேட்டாள்.

அதேதான் என்றோம்.