தொங்கும் மணிக்கட்டு

நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டு உறங்கியவர், விழித்ததும் மணிக்கட்டை உயர்த்த இயலாமல் பக்கவாதமோ என்று அஞ்சுவார். முகம் கோணினால், பேச்சுக் குழறினால் அந்த அச்சம் நியாயமே. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றபடி பெரும்பாலும், மேற்கை எலும்பைச் சுற்றிவரும் ஆரை நரம்பு அழுத்துண்டதே காரணம்.

எந்த அசைவு போயிற்று என்பதே மருத்துவருக்குத் துப்பு. மணிக்கட்டு தொங்கினாலும் முழங்கையை நீட்ட முடிகிறதா? பழுது மேற்கையின் நடுவில். தோளை உயர்த்தவும் முழங்கையை மடக்கவும் முடியவில்லையா? பழுது கழுத்தின் 5, 6-ஆம் நரம்பு வேர்களில். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இப்படி நேர்வதுண்டு. தசையில் ஊசி செலுத்திப் பார்க்கும் மின் பரிசோதனையை முதல் நாளே கேட்காதீர்கள். மாறுதல் தெரிய 2, 3 வாரம் ஆகும்.

அழுத்துண்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் தேறும். அறுந்ததோ, தைத்த பின்னும் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டரே வளரும். விபத்துக்குப் பின் மாதக்கணக்கில் வாளாவிருந்தால், நரம்பு வந்து சேருமுன் தசை வற்றிவிடும்.