இன்ஷியலில் சிக்கிக்கொள்ளும் சிகிச்சை

ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கமிருந்து திருப்பதிக்குப் பஸ் ஏறும் தாய்மார்களைப் பார்க்கிறேன். இடுப்பில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை. பாதம் இரண்டும் உள்பக்கம் மடங்கியிருக்கும். கையில் மஞ்சள் பை. அதற்குள் லேமினேஷன் பிரிந்த ஆதார், மடித்து மடித்து நைந்த டாக்டர் சீட்டு. "வளர வளர சரியாயிடும்னாங்க" என்பார்கள். ஆகாது. வளைபாதம் தானாக நிமிராது.

பிறந்த சில வாரங்களுக்குள் கொண்டுபோனால் வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு கட்டு, குதிகாலில் ஒரு சின்ன வெட்டு, பிறகு கம்பி வைத்த ஷூ. பெரும்பாலும் அவ்வளவுதான். அந்த ஷூ முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் காலில் இருக்க வேண்டும். அப்புறம் நான்கைந்து வயது வரை தூங்கும்போது. கால் நேராகிவிட்டதே என்று பாதியில் பரணில் போட்டுவிடுகிறார்கள். பாதம் மறுபடி வளைகிறது.

திருப்பதி தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை ஏழைகளுக்குக் கை, கால், முதுகெலும்புக் குறைகளுக்காகவே 1985 முதல் இருக்கிறது. பிறவி இதயக் கோளாறுக்கு 2021-இல் பத்மாவதி ஹிருதயாலயமும் வந்துவிட்டது. பக்தர்கள் தேவஸ்தானத்தின் சில அறக்கட்டளைகளுக்குத் தரும் காணிக்கையும் இந்தச் சிகிச்சைக்குப் போகிறது. சிகிச்சை இருக்கிறது. பேர்தான் ஒத்துவருவதில்லை.

நம் தமிழ்க் குடும்பங்களில் அப்பா பெயரின் முதலெழுத்து இன்ஷியல். ஆந்திரப் பதிவேட்டிலோ இண்டிபேரு என்னும் குடும்பப் பெயர் முன்னால் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, ரைஸ் கார்டு என்னும் ரேஷன் அட்டையில் பிள்ளையே இல்லை. "சிஸ்டம் எடுக்கலைம்மா" என்று கவுன்டரில் திருப்பி அனுப்புகிறார்கள். எங்கே போய்த் திருத்துவது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க ஏன் இவர்களுக்குக் கை வருவதில்லை? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள் அந்தத் தாய்.

வரிசை இதுதான். முதலில் பிறப்புச் சான்றிதழைப் பதிவு செய்த ஊராட்சியிலோ நகராட்சியிலோ திருத்துங்கள். பிறகு ஆதார், ஐந்து வயது ஆனதும் கைரேகையைப் பதிய வேண்டும், மறக்காதீர்கள். அதன் பிறகு கிராம சச்சிவாலயத்தில் ரைஸ் கார்டில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் சதரம் முகாமுக்கு ஸ்லாட் பதியுங்கள். மாற்றுத்திறனாளி சலுகைகள் பெரும்பாலானவற்றுக்குச் சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் அழுதுகொண்டு வீடு திரும்ப வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு இடம் தருகிறது. இன்னொன்று: அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போனாலும் அதையே காட்டலாம்.

மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. பிசியோதெரபிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும்கூடக் கிடைக்கும். நேஷனல் டிரஸ்டில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம். வருடா வருடம் புதுப்பிக்காவிட்டால் காலாவதி. பில்லைத் தூக்கிப் போட்டால் பணம் வராது.

ஆஸ்பத்திரி வாசலில் "நான் முடிச்சுத் தரேன்" என்று அசல் சான்றிதழைக் கேட்பவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். ஷூவையும் கழற்றாதீர்கள்.