மூடாக்கில் கால் வைக்கும் முன்

போன ஐப்பசியில் எங்கள் தென்னந்தோப்பில் மூடாக்கைப் புரட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே. வெறுங்கால். உடனே அரசு மருத்துவமனையில் சேர்த்து விஷமுறிவு மருந்து போட்டதால் பிழைத்தார். ஆனாலும் மறுபடி வேலைக்கு வர ரெண்டு மாசம் ஆயிற்று. மூடாக்கு போடச் சொன்னது நான். அதில் கால் வைத்தது அவர். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் புல் இருக்கும், தவளை இருக்கும், எலி இருக்கும். அவற்றைத் தேடிப் பாம்பும் வரும். அது நமக்கு எதிரி இல்லை. எலியைத் தின்று நம் வேலையைத்தான் பார்க்கிறது. ஆனால் இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். கடிபடுவது அதிகமும் கால்தான். பாம்பையும் அடிக்க வேண்டாம், நாமும் கடிபட வேண்டாம் என்றால் காலை மூடுவதுதான் வழி. கணுக்காலுக்கு மேலே ஏறும் தோல் பூட்ஸ் எந்தக் கடியையும் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறுங்காலுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கருவேல முள், அருவாள் வெட்டு, தேள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

வாங்கும்போது

வங்கி வேலையில் இருந்த காலமெல்லாம் எனக்கு எட்டாம் நம்பர் ஷூ. தோட்டத்துக்கு வந்து ஆறு வருஷம் வெறுங்காலில் நடந்தபின் அதே எட்டாம் நம்பர் விரலை நசுக்கியது. வெறுங்காலில் நடக்கிறவர்களுக்கு விரல்கள் விரிந்து, பாதம் அகலமாக இருக்கும். அதனால் நீளத்தைவிட அகலம் முக்கியம். ஒரு தாளில் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். பூட்ஸின் அடிப்பாகம் அந்தக் கோட்டைவிடக் குறுகலாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. தோட்டத்தில் போடப்போகிற கெட்டிச் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலும் கீழும் தூக்கக்கூடாது. முக்கியமாக, கடையிலேயே குத்தவைத்து உட்காருங்கள். களை பறிப்பது அப்படித்தானே? அப்போது விரல் மடியும் இடத்தில் தோல் கடித்தால், அது உங்கள் பூட்ஸ் இல்லை. கட்டட வேலைக்கு விற்கும் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸ் இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றும்.

தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழ வேண்டும். பிளாஸ்டிக் பூச்சு பூசியதில் அப்படி விழாது. அடிப்பாகம் ஒட்டியதாக இல்லாமல் தைத்ததாக இருந்தால், தேய்ந்தபின் ஊர்ச் செருப்புத் தொழிலாளியே மாற்றித் தருவார். நாக்கு இரண்டு பக்கமும் சேர்த்துத் தைத்திருந்தால் முள்ளும் புல் விதையும் உள்ளே போகாது.

பழக்கும்போது

இங்கேதான் நான் தப்பு பண்ணினேன். புது பூட்ஸை மாட்டிக்கொண்டு முதல் நாளே காலையிலிருந்து மதியம் வரை வரப்பு சுற்றினேன். குதிகாலில் கொப்புளம். எனக்குச் சர்க்கரை உண்டு. வலியே சரியாகத் தெரியவில்லை. அது புண்ணாகி ஆற ஒரு மாசம் கட்டுப்போட வேண்டியிருந்தது. சர்க்கரை உள்ளவர்கள் பூட்ஸைக் கழற்றியதும் தினமும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள்.

இப்போது சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். முதல் நாலைந்து நாள் வீட்டுக்குள் அரை மணி, ஒரு மணி. அடுத்த வாரம் தோட்டத்தில் தண்ணீர் திருப்புகிற அளவு வேலைக்கு. மூன்றாம் வாரம்தான் அரை நாள். எங்காவது சூடாக உரசுவது தெரிந்தால் அப்பவே கழற்றிவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்ச நேரம்தானே’ என்று இருந்தால் அது கொப்புளம். உள்ளே மெல்லிய சாக்ஸ், மேலே கெட்டிச் சாக்ஸ் என்று ரெண்டு போட்டால் உரசல் துணிகளுக்குள்ளேயே நின்றுவிடும்.

கடிக்கிற இடத்தில் நம் பாட்டன்மார் புதுச் செருப்புக்குச் செய்ததையே செய்யலாம்: விளக்கெண்ணெயைத் தொட்டுத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டு, கையால் மடக்கி மடக்கிக் கொடுங்கள். துளிதான், ஊறவிட்டால் தோல் தொளதொளத்துவிடும். தண்ணீரில் முக்கிப் போட்டு நடந்தால் சீக்கிரம் பழகும் என்று சிலர் சொல்வார்கள். அப்புறம் காயும்போது தோல் விறைத்து வெடிக்கும். நனைந்த பூட்ஸை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைக்காமல், செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். சேற்று வயலுக்குத் தோல் ஆகாது. அங்கே ரப்பர் பூட்ஸ்தான்.

தினமும் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். உள்ளே தேள், பூரான் இருக்கலாம்.

ஒரு கணக்கு

தோல் பதனிடும் தொழிலால் பாலாறும் அதன் கரை நிலங்களும் கெட்டதை நாம் மறக்க முடியாது; உச்ச நீதிமன்றமே 1996-இல் அதுபற்றித் தீர்ப்பு சொன்னது. ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலும் தமிழ்நாட்டில் உண்டு. கிடைத்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால், நல்லதாக ஒன்றே வாங்கிப் பல வருஷம் உழைக்க விடுவதுதான் நம்மால் முடிந்த நியாயம்.

நான் ரெண்டு ஜோடி வாங்கினேன். இரண்டாவது அந்த அண்ணனுக்கு. அவர் காலை அவரே தாளில் வைத்து அளந்துதான் வாங்கினோம். “செருப்பே போடாத காலுக்கு பூட்ஸாக்கும்” என்று சிரித்தார். மூன்று வாரம் என்னோடு சேர்ந்து அவரும் பழக்கினார். இப்போது மூடாக்குப் பக்கம் போகும்போது கேட்காமலே மாட்டிக்கொள்கிறார். விதைக்கும் இடுபொருளுக்கும் கணக்கு எழுதுகிற நோட்டில், உங்கள் தோட்டத்தில் கால் வைக்கிற அத்தனை பேருக்கும் ஒரு ஜோடி பூட்ஸையும் எழுதிவிடுங்கள்.