பந்தல்குடிக் கல்லும் எடிஸ்டோன் பாறையும்

பந்தல்குடியில் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் ராமசாமிராஜா நகர் சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. மழைக்காக அண்ணாந்து கிடக்கும் இந்த மானாவாரி மண்ணின் கல் எப்படிச் சிமெண்ட் ஆகிறது என்று கேட்டால், பதில் நடுக்கடலில் இருக்கிறது.

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தெற்கே, கப்பல்களைக் காவு வாங்கிய பாறைக்கூட்டம் எடிஸ்டோன். 1698இல் ஹென்றி வின்ஸ்டன்லி அதன்மேல் மரத்தால் கலங்கரை விளக்கம் கட்டினார். 1703 நவம்பர் புயல் கோபுரத்தையும், அன்றிரவு அதற்குள் இருந்த அவரையும் சேர்த்தே கொண்டுபோனது. அடுத்து எழுந்த கோபுரம் 1755இல் எரிந்தது. மூன்றாவது பொறுப்பு ஜான் ஸ்மீட்டனிடம் வந்தது. அவர் கல்லிலேயே கட்டத் துணிந்தார்.

கல் சரி, கல்லைப் பிடித்து நிறுத்தும் சாந்து? காளவாசலில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் மெல்ல மெல்ல இறுகும். அலை ஓயாத பாறையில் அதற்கு வழியே இல்லை.

ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்பை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். சில கரைந்தன, சில கல்லாயின. கெட்டியான கல் கெட்டியான சுண்ணாம்பு தரும் என்பது அன்றைய நம்பிக்கை. அவரோ கற்களை அமிலத்தில் கரைத்தார். எந்தக் கல் அடியில் களிமண்ணை விட்டுவைத்ததோ, அந்தக் கல்லின் சுண்ணாம்பே தண்ணீருக்குள் இறுகியது. தூய கல் தோற்றது, அழுக்குக் கல் வென்றது! கட்டுமான வரலாற்றில் இதைவிட அழகான கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை. களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் நெருப்பில் சுண்ணாம்போடு கூடி உருவாகும் பொருள், காற்றை எதிர்பார்க்காமல் தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது.

வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்பும் இத்தாலிய எரிமலை மண்ணும் கலந்த சாந்தில், ஒன்றுக்குள் ஒன்று சிக்கும்படி செதுக்கிய கற்கள் எழுந்தன. 1759 அக்டோபர் 16 அன்று 24 மெழுகுவத்திகளுடன் விளக்கு எரிந்தது. நூறாண்டுக்குப் பின்னும் கோபுரம் உறுதி குலையவில்லை, அடியிலிருந்த பாறைதான் அரித்துப்போனது. 1882இல் ஜேம்ஸ் டக்ளஸ் பக்கத்தில் வேறொன்று கட்டினார். அதற்கு முன்பே, நம் கடலுக்கும் அவர் ஒரு கோபுரத்தை வடிவமைத்திருந்தார். இலங்கையின் தென்கிழக்கே, சிங்களவர் ராவணன் கோட்டை என்றழைக்கும் கடற்பாறையில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த கருங்கல்லால் எழுந்து 1873இல் ஒளிர்ந்தது அது.

ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். இன்று சூளையில் 1450 டிகிரி வெப்பத்தில் நடப்பதும் ஸ்மீட்டன் கண்ட அதே சுண்ணாம்பு-களிமண் உறவுதான்.

பந்தல்குடிப் பக்கம் போனால் ஒரு சில்லை எடுத்துப் பொடித்து, நிறைய வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்து அடங்கியதும், கரையாமல் அடியில் என்ன தங்குகிறது என்று கவனியுங்கள். ஸ்மீட்டன் பார்த்தது அதைத்தான்.