ஆஸ்பெஸ்டாஸ் தூசி ஏன் புற்றுநோய் தருகிறது?

கூரையில் உடையாமல் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டால் பெரிய தொல்லை இல்லை. அதை மெஷின் வைத்து அறுப்பவருக்கும், துளை போடுபவருக்கும், உடைத்து இறக்குபவருக்கும்தான் ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத நார்கள் மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகின்றன.

அந்நியத் துகள்களை விழுங்கிச் செரிக்கும் காவல் செல்கள் அங்கே உண்டு. நீளமான நார்களை அவற்றால் முழுசாக விழுங்க முடிவதில்லை. தொண்டையில் மீன் முள் சிக்கியதுபோல நார் பாதியில் நிற்க, செல் தன் நொதிகளையும் வினைமிகு ஆக்சிஜனையும் வெளியே கக்குகிறது. நார் கரைவதில்லை, ஆகவே அழற்சியும் ஆண்டுக்கணக்கில் ஓயாது. பக்கத்துச் செல்களின் டிஎன்ஏ சிதைகிறது. நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வுபெற்றிருப்பார். பழைய வேலையை யார் விசாரிக்கப் போகிறார்கள்? புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்று அபாயம் பல மடங்கு.

உருப்படியான தடுப்பு, மாற்றுப் பொருளுக்குப் போவதுதான். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். முகக்கவசம் கடைசிப் பாதுகாப்புதான். துணி மாஸ்க் கணக்கிலேயே இல்லை. பழைய ஷீட்டைத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் கழற்ற வேண்டும். தூசியைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. வேலைத் துணி வீட்டுக்குப் போகக் கூடாது: அதை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் மீசோதெலியோமா வந்திருக்கிறது.